தூளியைக் கண்டால் இறங்கு

திருத்தணிக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டு, மலையேறாமலே திரும்பி வந்த ஆள் யார் என்று கேட்டால் எங்கள் ஊரில் என்னைத்தான் காட்டுவார்கள். அதிலும் நான் போய் இறங்கிய நாள் கிருத்திகை! ஊருக்கு வெளியிலேயே பேருந்தை நிறுத்திவிட்டார்கள். காவடியும், மொட்டைத் தலைச் சந்தனமும், ஆந்திராவிலிருந்து வந்த கூட்டமுமாகச் சாலையில் எள் போட்டால் எள் விழாது. தோளில் பையை மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று நான் எதிர்த்திசையில் நீந்தினேன். ஒரு அம்மாள் என் கையில் தொன்னை நிறையப் புளிசாதத்தைத் திணித்துவிட்டு, "மலை அந்தாண்ட இருக்குது, நீ இன்னா இந்தாண்ட போயினு இருக்கிற?" என்று கேட்டார். நின்று பதில் சொல்ல நேரமில்லை. புளிசாதத்தை மட்டும் விடாமல் தின்றுகொண்டே போனேன். அப்படி ஒரு ருசி.

நான் போனது சாமிக்காக அல்ல, கோகிலாவுக்காக.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வயது ஐம்பத்தொன்று. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தொண்டை எட்டு ஊருக்குக் கேட்கும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். தை பிறந்ததும் எங்கள் வகுப்பறைகளில் பாதி காலியாகிவிடும். கரும்பு வெட்டுக்காக அப்பா, அம்மா, பிள்ளை, கோழி, சட்டி பானை எல்லாம் ஒரே லாரியில் வடக்கே போய்விடும். இந்த வருடம் எட்டாம் வகுப்புக் கோகிலாவும் அந்த லாரியில் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில் அவளுக்கு உதவித்தொகைத் தேர்வு. எங்கள் பள்ளியிலிருந்து அதற்கு விண்ணப்பித்த ஒரே பிள்ளை அவள்தான். அதில் தேறினால் அவளை ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்புவதாகவும், தேறாவிட்டால் வருகிற வருடம் அவள் கையிலும் வெட்டுக்கத்தி என்றும் அவள் அப்பா ஏழுமலை கறாராகச் சொல்லியிருந்தார். அவருடைய செல்போனோ ஒரு வாரமாக அணைந்து கிடந்தது. திருத்தணிப் பக்கம் வெட்டுகிறார்கள் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். "ஒரு பிள்ளைக்காகவா டீச்சர் இவ்வளவு தூரம்?" என்றார் தலைமையாசிரியர். "ஒரு பிள்ளையைத்தானே சார் நாம் அனுப்புகிறோம்!" என்று கத்திவிட்டு, அனுமதிச் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு புதன்கிழமை விடியக் கிளம்பிவிட்டேன்.

வெட்டுக்கு வருகிற குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் திருத்தணிக்குக் கிழக்கே ஒரு அரசுப் பள்ளியில் தனியாக ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். சீசன் மையம் என்று பெயர். அதை நடத்துகிற சுகுணாவுக்கு இருபத்தாறு வயது. ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். நான் வாசலில் நின்று "வணக்கம்" என்றதுமே, "வாங்க டீச்சர், ஒக்காருங்க. மலைக்குப் போனீங்களா?" என்றாள். இல்லை என்றதும் நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன் என்று சொன்னது போல அவள் முகம் வாடிவிட்டது.

உள்ளே எட்டிப் பார்த்த நான் அப்படியே நின்றுவிட்டேன். வகுப்பறை உத்தரத்தில் மூன்று சேலைத் தூளிகள் தொங்கின. மூன்றிலும் குழந்தைகள். கீழே உட்கார்ந்திருந்த சிறுமிகள் தூளித் துணியைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே நோட்டில் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடமாக "காலை ஆட்டாதே" என்று பிள்ளைகளைத் திட்டி வந்திருக்கிறேன். இங்கே கால் நின்றால் வகுப்பே அழும்.

கோகிலா அங்கே இல்லை. "வந்துகினுதான் இருந்தா டீச்சர். நல்லாப் படிக்கிற பொண்ணு. போன வாரம் அவங்களுக்கு வெட்டு வேற எடத்துக்கு மாறிடுச்சி. ஒரு கொல்ல முடிஞ்சா ராவோட ராவா அடுத்த கொல்லைக்குத் தூக்கினு போயிடுவாங்க" என்றாள் சுகுணா.

"வெட்டுக்கு ஆள் கூட்டி வருகிற மேஸ்திரியிடம் கேட்கக் கூடாதா?"

"கேட்டா, எங்கிட்ட சின்னப் பசங்களே இல்லம்மான்னு சத்தியம் பண்ணுவாரு. மேஸ்திரி பொய் சொல்லுவாரு டீச்சர், தூளி சொல்லாது." இதைச் சொல்லிவிட்டு, தான் பிள்ளை தேடுகிற வழியை விளக்கினாள். கொல்லை என்றால் வயல். அதன் ஓரத்து மரத்தில் தூளி தொங்கினால் உள்ளே கைக்குழந்தை இருக்கும். கைக்குழந்தை இருந்தால் அதை ஆட்ட ஒரு சிறுமி இருப்பாள். ஆட்டுகிறவள் பள்ளிக்குப் போகாதவள். அவ்வளவுதான் விஷயம். பேருந்தில் போகும்போதும், கல்யாணத்துக்குப் போகும்போதும் அவள் கண் தூளியைத்தான் தேடுமாம். கண்டால் இறங்கிவிடுவாளாம்.

இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தாள். தூளி எத்தனை, பக்கத்தில் யார், வயது, வகுப்பு, பள்ளிக்கு வராத காரணம் என்று கோடு போட்டிருந்தாள். காரணம் என்ற இடத்தில் முதல் வரியில் "தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்" என்று இருந்தது. அதற்குக் கீழே பக்கம் முழுக்க மேற்படி, மேற்படி, மேற்படி. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டேன்.

அன்று ஆர்.கே.பேட்டையில் சுகுணா வீட்டில் தங்கினேன். அவள் அம்மா புளிச்சக்கீரைப் பச்சடி வைத்தார். எங்கள் பக்கமும் காரம் தின்கிறவர்கள்தான். ஆனால் இது காதுக்குள் போய்க் கூப்பிடுகிற காரம். கண்ணில் தண்ணீர் கொட்ட மூன்று கவளம் தின்றேன். "பாவம், ஊரை நினைத்து அழுகிறார்" என்று அவள் அப்பா மனைவியிடம் தெலுங்கில் சொல்ல, சுகுணா அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இல்ல நைனா, மொளகா!" என்று அவருக்கும் பதில் போனது. அந்த வீட்டில் ஒரு வாக்கியம் தமிழில் புறப்பட்டுத் தெலுங்கில் போய்ச் சேரும். யாருக்கும் அது ஒரு விஷயமே இல்லை.

வியாழக்கிழமை தேடுதல். சுகுணாவுக்குக் காலையில் வகுப்பு இருந்ததால், "நானே தேடுகிறேன், எனக்கென்ன கண் இல்லையா?" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, கனகம்மாசத்திரம் போகிற டவுன் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வேப்பமரத்தில் நீலச் சேலைத் தூளி! "நிறுத்துங்க, நிறுத்துங்க!" நான் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க, ஒரு தாத்தாவின் கத்தரிக்காய்ப் பை பஸ் முழுக்க உருண்டது. "யாருக்கு இன்னாச்சி?" என்று நடத்துநர் பதறி ஓடி வந்தார். "தூளி!" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அதற்குள் குதித்துவிட்டேன்.

வரப்பில் ஓடி, முள்ளில் புடவையைக் கிழித்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தேன். தூளிக்குப் பக்கத்தில் சிறுமி யாரும் இல்லை. ஐயோ, குழந்தையைத் தனியாக விட்டுவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. துணியை விலக்கினேன். உள்ளே ஒரு கூழ்ப்பானை, ஒரு தூக்கு, வெங்காயம் ஆறேழு.

வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த நாலு பெண்கள் இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்தார்கள். "இன்னாம்மா தேடுற?"

"குழந்தை..."

"அது எங்க சாப்பாடும்மா! கீழ வெச்சா எறும்பு ஏறிடும், நாயி தூக்கினு பூடும். அதான் கட்டித் தொங்க வுட்டோம்." சொல்லிவிட்டு அவர்கள் சிரித்த சிரிப்பு மலை மேல் இருக்கிற முருகனுக்கே கேட்டிருக்கும். ஒருத்தி தெலுங்கில் என்னவோ சொல்ல, மற்றவர்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தே சிரித்தார்கள். "அம்மாவுக்குப் பசி, பசிக்கு வெட்கம், அதான் பிள்ளை தேடுற மாதிரி நடிக்கிறாங்க" என்றாளாம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் கூழை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "கரும்பு வெட்டறவங்களா? ரெண்டு கிலோமீட்டரு அந்தாண்ட பாரு, ட்ராக்டரு போயி வந்துகினு இருக்குது" என்று வழி காட்டினார்கள்.

மத்தியானம் பிள்ளைகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டுச் சுகுணா ஆட்டோவில் வந்து என்னைப் பிடித்தாள். ஓட்டி வந்தது அவளுடைய அக்கா வீட்டுக்காரர் சேகர். மையத்துப் பிள்ளைகளைக் காலையும் மாலையும் ஏற்றி இறக்குகிறவர் அவர்தான். அவள் அத்தான் முறையில் பாவா என்று கூப்பிடுகிறாள், பிள்ளைகளும் பாவா என்கிறார்கள். அரை மணி நேரத்தில் நானும், "பாவா, கொஞ்சம் மெதுவாகப் போங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் எனக்கு என்ன முறை வேண்டும் என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

பாதி வெட்டிய கரும்புக் கொல்லை. ஓரத்தில் புங்கமரம். மரத்தில் சிவப்புத் தூளி. அதன் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கோகிலா. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "குட் ஆஃப்டர்நூன் டீச்சர்" என்றாள். கரும்புக் கொல்லையில்! "தலையை ஏன் இப்படி விரித்துப் போட்டிருக்கிறாய்?" என்று அதட்டினேன்.

ஏழுமலையும் அவர் மனைவி அஞ்சலையும் தோகையை விலக்கிக்கொண்டு வந்தார்கள். தேர்வு சனிக்கிழமை என்பதே அவர்களுக்குத் தெரியாது. வாக்கு மாற மாட்டேன் என்றார் ஏழுமலை. ஆனால் பிள்ளையை எப்படி அனுப்புவது? வெட்டில் புருஷன் பெண்சாதி சேர்ந்துதான் ஒரு ஜோடி. ஒருவர் வெட்ட ஒருவர் கட்ட வேண்டும். ஒருவர் தூளிக்குப் போனால் இரண்டு பேர் வேலையும் நின்றுவிடும். எட்டு மாதக் குழந்தை முத்துவுக்குப் பால் கொடுக்க வேண்டும், அவனை ஊருக்கும் தூக்கிப் போக முடியாது.

"அவ்ளோதானே? நான் பாத்துக்கறேன்" என்றாள் சுகுணா. "நீங்க கூட்டினு போங்க டீச்சர்."

"அவன் யாருகிட்டயும் இருக்க மாட்டான்மா" என்றார் அஞ்சலை. சொல்லி வாய் மூடவில்லை, சுகுணா தூளியைத் தொட்டாள், முத்து ஊளையிட்டான். தெலுங்குத் தாலாட்டு எடுபடவில்லை. கிலுகிலுப்பை எடுபடவில்லை. பாவா குரங்கு மாதிரி குதித்துக் காட்டினார், அதற்கு இன்னும் பெரிதாக அழுதான்.

கோகிலா மெதுவாக, "அவன் வாய்ப்பாடு சொன்னாத்தான் தூங்குவான் டீச்சர்" என்றாள்.

"என்னது?"

"பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டே ஆட்டுவேன். அதுலயே பழகிட்டான். பதினேழாம் வாய்ப்பாடுதான் அவனுக்குப் புடிக்கும்."

சுகுணா உடனே ஆரம்பித்தாள். ஆனால் அவள் படித்தது தெலுங்கு வழிப் பள்ளியில். "பதிஹேடு ஒகட்டி பதிஹேடு, பதிஹேடு ரெள்ளு முப்பை நாலுகு..." முத்து அழுகையை நிறுத்தினான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். மறுபடியும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கடைசியில் என் முறை. கணக்கு டீச்சர் அல்லவா, நிமிர்ந்து நின்று எடுத்தேன். "ஒரு பதினேழு பதினேழு. ரெண்டு பதினேழு முப்பத்தி நாலு. மூணு பதினேழு அம்பத்தொண்ணு." அழுகை நின்றது. "ஏழு பதினேழு நூத்திப் பத்தொம்போது" வரைக்கும் வந்தபோது அவன் கண் செருகியது. "எட்டு பதினேழு... எட்டு பதினேழு..." ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும்தான் மனப்பாடம். அதற்கு மேல் மனசுக்குள் பெருக்கித்தான் சொல்வேன். அத்தனை பேர் பார்க்க, அந்தப் பதற்றத்தில் பெருக்கலும் வரவில்லை. முத்து ஒரு கண்ணைத் திறந்தான். "நூத்தி முப்பத்தாறு டீச்சர்" என்று கோகிலா காதில் சொன்னாள். கண் மூடிக்கொண்டது.

அப்புறம் பேச என்ன இருக்கிறது? சுகுணா கோகிலாவைக் கூட்டிக்கொண்டு போவது, நான் இங்கே தூளியோடு இருப்பது என்று முடிவானது. இரண்டு நாளும் மையத்துப் பிள்ளைகளைத் தன் அக்கா பார்த்துக்கொள்வாள் என்றாள் சுகுணா. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே அவள் போனதே இல்லையாம். "கள்ளக்குறிச்சில இன்னா டீச்சர் நல்லா இருக்கும்?" என்று அப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பாவா ஆட்டோவில் இருவரும் கிளம்பினார்கள். கோகிலா முதல் நாளே துவைத்துக் காயப்போட்ட பள்ளிச் சீருடையில் இருந்தாள். தூளியைக் குனிந்து பார்த்துவிட்டு, "அழுதா தோளுல போட்டு நடங்க டீச்சர். வெயில்ல மட்டும் நிக்காதீங்க" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். "சரி, நீ போய்ப் பரீட்சையைப் பார்" என்று விரட்டினேன்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. குழந்தையைத் தூக்கலாம் என்று குனிந்தால், முத்து என்னவோ மென்றுகொண்டிருந்தான். இழுத்துப் பார்த்தேன். அனுமதிச் சீட்டு! முதல் நாள் ஏழுமலையிடம் காட்டிவிட்டு, காற்றில் பறக்காமல் இருக்கட்டும் என்று நானேதான் தூளித் துணியின் மடிப்பில் செருகியிருக்கிறேன். கோகிலாவின் புகைப்படத்தில் பாதி முகம் இருந்தது, மீதி அவள் தம்பியின் வாயில் இருந்தது.

நல்ல வேளை, பாவா அவர்களைத் திருத்தணிப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் திரும்பி வந்தார். "வண்டியைத் திருப்புங்க!" என்று நான் கத்திய கத்தலில் ட்ராக்டர்காரரும் வண்டியைத் திருப்பப் பார்த்தார். கொல்லைக்குள் இருந்த அஞ்சலைக்கு இங்கிருந்தே குரல் கொடுத்தேன். "பாத்து டீச்சர்!" என்று பதில் வந்தது. ஒரு கையில் முத்து, ஒரு கையில் எச்சில் சீட்டு. பள்ளம் மேடு பார்க்காமல் ஆட்டோ பறந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் ஒரு பதினேழு சொன்னேன். பேருந்து நிலையத்தில் ஓட்டமாக ஓடினால், இருவரும் ஒரு டீக்கடையில் நிம்மதியாகப் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள்.

சுகுணா சீட்டை வாங்கிப் பார்த்தாள். "இது கம்ப்யூட்டர்ல எடுத்ததுதானே டீச்சர்? ஒங்க ஸ்கூல்ல இன்னொண்ணு எடுத்துக்கலாமே?"

ஆமாம், எடுத்துக்கலாம்! எடுத்துக் கொடுத்ததே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவமானத்தில் நானும் இரண்டு போண்டா தின்றேன். "வந்ததுதான் வந்தீங்க, அப்டியே மலைக்குப் போயிட்டு வந்துடலாமா?" என்றார் பாவா. முத்து பால் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டான். திரும்பினோம்.

சாயங்காலம் சுகுணாவின் போன் வந்தது. ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் புதுச் சீட்டு எடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் இருவருக்கும் தோசை ஊற்றிப் போட்டிருக்கிறார். எனக்கு ஒரு நாள்கூட அவர் தோசை ஊற்றியதில்லை, அதை ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை. குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்ன பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். ஆட்டு, தூக்கு, துணி மாற்று, எறும்பைத் தட்டு, வெயில் நகர்ந்தால் தூளியையும் நகர்த்து. நடுவில் அடுப்பில் சோறு. அதுவும் கோகிலாவின் வேலைதான் என்று எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. இடுப்பு கழன்று தனியாக நின்றது. தலையில் துண்டு, முகத்தில் கரி, கையில் கரும்புத் தோகை கிழித்த கீறல்கள்.

பத்து மணிக்குக் கொல்லையில் வெட்டுச் சத்தம் குறைந்தது. யாரும் சொல்லிவைக்கவில்லை, அது தானாகக் குறைந்தது. "இந்நேரம் கேள்வித்தாளு குடுத்திருப்பாங்களா டீச்சர்?" என்று உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது. "கொடுத்திருப்பார்கள்" என்றேன். மறுபடி சத்தம் எழுந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாவா வந்தார். சுகுணா இல்லாததால் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு அவர்தான் சுற்றிக்கொண்டிருந்தார். தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, காதில் இருந்த பேனாவை எடுத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"தூளி ஒண்ணு. பக்கத்துல ஆளு ஒண்ணு. இன்னாம்மா பொண்ணு, வயசு இன்னா?"

"ஐம்பத்தொன்று."

"எந்தக் கிளாசு?"

"எட்டாம் வகுப்பு. கணக்கு."

"ஸ்கூலுக்கு இன்னாத்துக்குப் போவல?"

நான் தூளியை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார், நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு எதிரே மேற்படி என்று எழுதியிருந்தது. இருவரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பக்கத்தில் எனக்கு மேலே இருந்த பெயர்களை முதல் முறையாக ஒவ்வொன்றாகப் படித்தேன்.

மத்தியானம் வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஏழுமலை நாலு தடவை தண்ணீர் குடிக்க வந்தார். அவ்வளவு தாகம் எடுக்கிற வெயில் இல்லை அது. கடைசியில் மணி அடித்தது.

"டீச்சர், தம்பி தூங்குறானா?"

"அவன் கிடக்கிறான், நீ எழுதினாயா இல்லையா?"

"எல்லாத்தையும் எழுதிட்டேன் டீச்சர். ஒரே ஒரு கஷ்டம்தான். மனசுக்குள்ள வாய்ப்பாடு சொல்லிப் பாக்கறப்பல்லாம் எனக்கும் தூக்கம் தூக்கமா வந்துச்சு."

நான் சிரித்த சிரிப்பில் போன் கையிலிருந்து நழுவியது. எழுதிவிட்டாள், எல்லாவற்றையும் எழுதிவிட்டாள் என்று சொன்னேன். அஞ்சலை முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலை தண்ணீர்க் குடத்தடியில் நின்று, நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு நாளுக்கே ஒங்களுக்கு இப்டி ஆயிருச்சே டீச்சர்" என்றார். "அவ இத, பெரிய தம்பி பொறந்ததுல இருந்து செய்யிறா. அந்தப் பையன் இப்ப பாட்டி ஊட்ல ரெண்டாவது படிக்கிறான்."

நான் தலையாட்டினேன்.

"பரீட்சை முடிவு எப்ப வரும்?"

"நாளாகும்."

"அது வரப்ப வரட்டும்." குனிந்து கத்தியை எடுத்தார். "ஒம்போதாவது எந்த ஸ்கூல்ல சேக்கலாம்னு சொல்லுங்க. பாஸானாலும் சரி, ஆவாட்டியும் சரி."

என்னால் சும்மா இருக்க முடியுமா? எட்டு ஊருக்குக் கேட்கும் தொண்டை ஒன்பதாவது ஊருக்கும் கேட்கும்படி, "ஏழுமலை!" என்று கத்தினேன். அவ்வளவுதான், முத்து விழித்துக்கொண்டு வீரிட்டான். அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஓடிப்போய்த் தூளியைப் பிடித்தேன்.

"ஒரு பதினேழு பதினேழு."

"ரெண்டு பதினேழு முப்பத்தி நாலு" என்று கரும்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு நாளாகக் கேட்டுக் கேட்டுக் கூட்டம் மொத்தத்துக்கும் பாடமாகியிருந்தது. மூணு பதினேழுக்கு நாலைந்து குரல்கள். அஞ்சு பதினேழுக்குக் கொல்லை முழுக்கச் சேர்ந்துகொண்டது. வெட்டு விழுகிற தாளத்துக்கே சொன்னார்கள். பாவா ஆட்டோவின் ஹாரனை அமுக்கினார்.

"ஏழு பதினேழு நூத்திப் பத்தொம்போது. எட்டு பதினேழு..."

எனக்கு மறுபடியும் நின்றுபோனது. கொல்லையும் நின்றது.

ஏழுமலைக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. தேர்வு விண்ணப்பத்தில் கைநாட்டுத்தான் வைத்தார். வெட்டிய கரும்பை அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நூத்தி முப்பத்தாறு, டீச்சர்."